தரைக் கணக்கு

மாயவரத்தில் வீடு தேடி அலைந்தபோது நான் ஏறி இறங்கிய வாசல்களில் எல்லாம் முதல் கேள்வி ஒன்றாகவே இருந்தது. "எந்த ஊரு நீங்க? ஊர்ல எந்தப் பக்கம்?" குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரின் பெயரைச் சொல்லி, வாய்க்காலுக்குத் தெற்கே என்றதும் அந்த வீடு ஏற்கெனவே யாருக்கோ பேசி முடிந்ததாக ஆகிவிடும். நடவுக்கும் அறுப்புக்கும் போகாமல் பள்ளிக்கூட வேலைக்குப் போன முதல் பெண் எங்கள் தெருவில் நான்தான். கையில் சம்பளம் இருந்தாலும் தெரு கூடவே வந்துகொண்டிருந்தது.

ஊருக்குள்ளேயே கூறைநாட்டில் ஒரு சர்வேயர் வீட்டு வாசலில் நின்றபோதும் அதே கேள்விக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவர் கேட்டது வேறு.

"எத்தனை பேர் இருப்பீங்க?"

"நானும் அம்மாவும்தான் சார்."

"வேற யாராவது வந்து தங்குவாங்களா?"

"அண்ணன் பிள்ளைங்க லீவுல வரும்."

"எத்தனை பிள்ளைங்க? லீவு முடிஞ்சதும் போயிடுமா?"

மூன்று பிள்ளைகள், போய்விடும் என்றேன். அவர் பக்கத்துப் போர்ஷனின் கதவைத் திறந்து, உள்ளே நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை கண்ணை ஓட்டினார். "ரெண்டு பேருக்குச் சரியா இருக்கும் டீச்சர். அதுக்கு மேல தாங்காது" என்று சாவியைக் கொடுத்தார். தெருவைக் கேட்காத மனுஷன் என்று அம்மா அன்று முழுக்க அவரைக் கொண்டாடினாள். பெருந்தன்மையால் கேட்கவில்லையா, எண்ணிக்கையைத் தவிர அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாதா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போதும் தீர்மானமாகச் சொல்ல முடியாது.

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாலுகா ஆபீசில் வேலை. அப்போது நாங்கள் எல்லாரும் தஞ்சாவூர் ஜில்லாதான். காலையில் அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனால் வெயில் சாய்ந்துதான் திரும்புவார். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, குத்தகைக்காரனை வெளியேற்றப் பார்க்கிற மிராசு, வெளியேற மறுக்கிற குத்தகைக்காரன் என்று அவர் போகிற இடமெல்லாம் யாராவது ஒருவர் அரிவாளோடு நின்றுகொண்டிருந்த காலம் அது. கல்யாண வீட்டுப் பந்தியில் நெருக்கி உட்காரச் சொன்னால் எழுந்து நின்று அடுத்த பந்தியில் சாப்பிடுவார். ஐப்பசியில் துலா முழுக்குக் கூட்டத்தின்போது காவிரிப் பக்கமே போகமாட்டார்.

அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு மீன் தொட்டி இருந்தது. கடைகளில் பார்க்கிற மாதிரி உயரமானது இல்லை. கண்ணாடிக் கடையில் சொல்லிச் செய்தது. உயரம் முழங்காலுக்குக் கீழேதான். நீளமும் அகலமும் ஒரு பிள்ளை கை காலை நீட்டிப் படுக்கிற அளவு. அடியில் சலித்து அலசிய காவிரி மணல். ஒரு மண்குழாய், உடைந்த பானைத் துண்டுகள், மூங்கில் துண்டு ஒன்று. மேலே பலகை மூடி, அதன்மேல் ஒரு கருங்கல். மீன் மட்டும் தெரியாது.

வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, "மீன் எங்க சார்?" என்பார்கள்.

"இருக்கு. மணலைப் பாருங்க."

பொறுமையாகப் பார்த்தால் மணலிலிருந்து ஒரு கூர்மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆரல். எங்கள் தெருப் பிள்ளைகள் வாய்க்கால் சேற்றைத் துழாவிப் பிடித்து வருகிற அதே ஆரல்தான். நாங்கள் குழம்பு வைப்பதை இவர் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறாரே என்று அம்மாவுக்குச் சிரிப்பு. அதுவும் ஒன்றே ஒன்று.

"இத்தாம் பெரிய தொட்டியில ஒத்தை மீனா தம்பி? நாலஞ்சு விட்டா என்ன?" என்று அம்மா கேட்டே விட்டாள்.

"இது பெரிய தொட்டி இல்லம்மா. ஒரு ஆரலுக்கே இது கொஞ்சம் சின்னதுதான். அடியில கிடக்கற மீனுக்குத் தண்ணி கணக்கே இல்ல, தரைதான் கணக்கு. மேல எத்தனை குடம் தண்ணி ஊத்தினாலும் அது மேல போய்ப் படுக்கப்போறதில்ல. தரை எவ்வளவோ, அவ்வளவுதான் அதுக்கு வீடு."

தினமும் மண்புழுவோ கூனிறாலோ கொஞ்சம் போடுவார். வாரம் தவறாமல் தண்ணீரில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, வெயிலில் ஆறவைத்த கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவார். கறி தின்கிற மீன், அதன் கழிவே அதற்கு விஷம் என்பார். மீனைக் கையால் தொட்டு விளையாடியோ, பெயர் வைத்துக் கூப்பிட்டோ நான் பார்த்ததில்லை. அதற்கு அவர் கொடுத்தது இடம் ஒன்றுதான்.

அவருக்கு இருந்த ஒரே சிநேகிதர் முத்துப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த கனி பாய். அந்தத் தொட்டியில் குமிழி விடுகிற மோட்டார்கூட பாயின் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததுதான். அந்த ஆசையில் பாயும் தன் கடைமுகப்பில் ஒரு தொட்டி வைத்தார். கலர் மீன்களை வாங்கி விட்டார். அலையாத்திக் காட்டுக்குப் போகிற வலைக்காரர்கள் மீசை வைத்த கெளுத்திக் குஞ்சுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதையும் விட்டார். விரலளவுதான் இருந்தது, என்ன செய்யப்போகிறது என்று நினைத்தாராம்.

அடுத்த தடவை மாயவரம் வந்தபோது பாய் என்னிடமே அதைச் சொன்னார். "தெனமும் காலையில எண்ணிப் பார்த்தா ரெண்டு மீன் குறையுது டீச்சரம்மா. பூனைதான்னு நெனைச்சு மூடி போட்டேன். அப்பவும் குறையுது. இவருகிட்ட சொன்னேன். மறு ஞாயித்துக்கிழமை டேப்பைத் தூக்கிட்டு பஸ் ஏறி வந்துட்டாரு. வந்தவரு எனக்கு சலாம் சொல்லல, டீ குடிக்கல. தொட்டியோட அடியை அளந்தாரு. 'பாய், இதுல ஒரு கெளுத்திக்குக்கூட இடம் பத்தாது, நீங்க ஆறு விட்டிருக்கீங்க'ன்னாரு. அதுங்க சின்னதுதானேன்னு கேட்டேன். என்ன கோவம் வந்துச்சு தெரியுமா அவருக்கு."

சர்வேயர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "விடறப்ப இருக்கற நீளத்தையா பார்க்கறது? வளர்ந்தா எவ்வளவு ஆகுமோ அதுக்கு இடமிருக்கான்னு பார்க்கணும். வாய்க்குள்ள போற எதையும் அது கூட்டாளின்னு பார்க்காது. அது தப்பில்ல. அது அப்படித்தான். விட்டவன் தப்பு."

அத்தனை கெளுத்திகளையும் ஒரு பானையில் அள்ளி, பிடித்த வலைக்காரர் கையிலேயே கொடுத்து, பிடித்த இடத்திலேயே விடச்சொல்லிவிட்டுத்தான் அவர் பஸ் ஏறியிருக்கிறார். "நாப்பது வருசமா யாவாரம் பண்றேன். என் கடைக்குள்ள வந்து என்னைத் திட்டின ஆளு இவரு ஒருத்தருதான்" என்று பாய் சிரித்தார். சர்வேயர் சிரிக்கவில்லை.

ஏன் அப்படி என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அணை மூடி வாய்க்கால் வற்றிய ஒரு சித்திரையில், குட்டையில் மிச்சமிருந்த கொஞ்சம் தண்ணீரில் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரள்வதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா மோர் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல இப்படி ஒரு குட்டையில செத்துக்கிட்டு இருந்துச்சுங்க. பாவமேன்னு ஒரு டஜன் வாளைக் குஞ்சை அள்ளிட்டு வந்து சிமெண்டுத் தொட்டியில விட்டேன். காப்பாத்திட்டேன்னுதான் நெனைச்சேன். நல்லா தின்னுச்சுங்க, சண்டை இல்ல. நடுவுல நில அளவை செட்டில்மெண்ட் கேம்ப்னு வெளியூர் போயிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரு வேளா வேளைக்குத் தீனி போட்டிருக்காரு. திரும்பி வந்து பார்த்தா ஒன்னுதான் இருந்துச்சு. அது மேலயும் கடி. வால் இல்ல. தீனி குறைஞ்சு தின்னுக்கல டீச்சர். ஒதுங்க இடம் இல்லாம தின்னுக்கிச்சுங்க. அந்த ஒன்னும் மறுநாள் செத்துப்போச்சு."

மோரைத் தரையில் வைத்துவிட்டு, "குட்டையிலயே விட்டிருந்தா ரெண்டு மூணாவது தப்பிச்சிருக்கும்" என்றார்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் மனைப் பிரச்சினை வந்தது. வாய்க்காலுக்குத் தெற்கே எங்கள் குடிசைகள் நின்றது மிராசுதாரின் மண்ணில். அவர் நினைத்தால் பிரித்துப் போடலாம், பிரித்துப் போட்டும் இருக்கிறார். நில உச்சவரம்புக்கு மேலே அவரிடம் இருந்த ஒரு துண்டு நிலத்தை எடுத்து எங்களுக்கு வீட்டுமனையாகக் கொடுக்கச் சொல்லி வருடக்கணக்கில் போராட்டம் நடந்தது. அறுப்பை மறித்ததற்காக என் அண்ணன் திருச்சி ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன். அவன் உள்ளே இருந்தபோதுதான் மூன்றாவது பிள்ளை பிறந்தது. கடைசியில் அரசாங்கம் அந்தத் துண்டை எடுத்தது. அளந்து மனை பிரிக்க வந்தவர் எங்கள் சர்வேயர்.

நாற்பது குடும்பத்துக்கு மேல் காத்துக்கொண்டிருந்தது. அவர் அளந்துவிட்டு, இருபத்தாறு மனைதான் தேறும் என்றார்.

ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத ஆளுங்கட்சி கிளைச் செயலாளரும் விவசாயச் சங்கத்துத் தோழரும் அன்று ஒன்றாகவே அவர் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் கேட்டது ஒன்றைத்தான்.

"ஆளுக்கு ஒன்னரை சென்ட்டா போட்டுடுங்க சார். எல்லாரும் அடங்கிடுவாங்க" என்றார் செயலாளர்.

"ஒன்னரை சென்ட்ல குடிசை நிக்கும். கக்கூஸ் எங்க நிக்கும்? நாளைக்குப் பையனுக்குக் கல்யாணம் ஆனா அவன் எங்க போவான்? வண்டி போற பாதை வேணும், வடிகால் வேணும். கிழக்கு மூலை பள்ளம், ஐப்பசியில முழங்கால் தண்ணி நிக்கும். அதை மனைன்னு நான் கல்லு நட மாட்டேன்."

"அப்ப மிச்சம் இருக்கறவங்க எங்க போவாங்க?" என்று தோழர் கேட்டார்.

"வேற இடம் வாங்கிக் குடுக்கணும். மேற்க தொடர்ச்சியா அதே மிராசோட நிலம் கிடக்கு. அதையும் எடுக்கணும்னு நானே எழுதறேன்."

"எழுதினா வந்துடுமா சார்? இந்த ஒன்னு வாங்கவே எத்தனை பேரு ஜெயிலுக்குப் போனோம்?"

சொன்னபடியே அவர் எழுதினார். அளந்ததை மட்டும் மாற்றவில்லை. தாசில்தார் முன்னால் குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். அண்ணன் பெயர் வரவில்லை. அறுப்பு மறித்த அன்று வீட்டுக்குள் தாழ் போட்டுக்கொண்டு இருந்தவர்களின் பெயரெல்லாம் வந்தது.

அன்று சாயங்காலம் நான் நேராக அவர் கூடத்துக்குப் போனேன். அவரிடம் நான் குரல் உயர்த்திப் பேசியது அந்த ஒருமுறைதான்.

"மனுஷங்க மீன் இல்ல சார்."

"இல்லதான்" என்றார். தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், கை நிற்கவில்லை. "மீனு இடம் பத்தலன்னா உடனே கடிச்சுக் காட்டிடும். மனுஷன் பொறுத்துக்குவான். அப்பன் பொறுத்துக்குவான், புள்ளை பொறுத்துக்குவான். பேரன் வரப்புக்காக வெட்டுவான். நான் தெனம் அங்கதான் டீச்சர் போறேன்."

"எங்க அண்ணன் இப்ப எங்க போவான்? அதச் சொல்லுங்க."

கை அப்போதுதான் நின்றது. "அடுத்த இடத்துல முதல் பேரு அவருதா இருக்கும்" என்றார்.

அடுத்த இடம் வரவே இல்லை. மிராசுதார் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார். சீட்டு விழாதவர்களின் குடிசைகளை ஆள் வைத்துப் பிரித்தார். அண்ணன் வாய்க்கால் கரைப் புறம்போக்கில் கீற்றுக் கட்டிக்கொண்டான். மனை கிடைத்தவர்களும் அவனும் பேச்சை விட்டார்கள். சேர்ந்து ஊர்வலம் போன தெரு இரண்டானது. சர்வேயர் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்தார் என்று கனி பாய் சொல்லித் தெரியும். என்னிடம் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் வாடகை கொடுக்கும்போது தவிர அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறு வருடம் ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டது. விடிந்ததும் அண்ணன், அண்ணி, மூன்று பிள்ளைகள் எல்லாரும் தொப்பலாக நனைந்து என் வாசலில் நின்றார்கள். அண்ணன் கையில் ஒரு அண்டா மட்டும் இருந்தது. கரையில் கட்டியிருந்த கீற்று போய்விட்டது. அம்மா அழுதாள். நான் பிள்ளைகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது சர்வேயர் வந்து நின்றார். ரெண்டு பேருக்கு மேல் தாங்காது என்று சாவி கொடுத்தவர் அவர். எல்லாரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத் தன் போர்ஷனுக்குள் போனார்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். தொட்டியைக் காலி செய்துகொண்டிருந்தார். மணலைக் கூடையில் வாரினார். ஆரல் ஒரு மண்பானைக்குள் இருந்தது, பானை வாயில் துணி கட்டியிருந்தது.

"என்ன சார் பண்றீங்க?"

"ஆத்து மீனு, ஆத்துக்கே போகட்டும். கடையில வாங்கின வேத்து மீனா இருந்தா ஆத்துல விட மாட்டேன்." இரண்டு போர்ஷனுக்கும் நடுவே சாத்தியே கிடந்த கதவின் தாழை நீக்கினார். "அந்தப் பக்கம் எப்பவும்போல நீங்க ரெண்டு பேரு, இந்தப் பக்கம் அண்ணன் குடும்பம் அஞ்சு பேரு. பிள்ளைங்க கூடத்துல படுத்துக்கட்டும். சரியா இருக்கும்."

"நீங்க?"

"நான் எட்டாவது ஆளு."

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. அவருடைய டிரங்குப் பெட்டி வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. "சார், ஒரு மூலையில நீங்களும் இருக்கலாமே. உங்க வீடு இது. நாங்க சமாளிச்சுக்குவோம்" என்றேன்.

"சமாளிச்சுக்குவீங்க டீச்சர். அது எனக்குத் தெரியும். அதான் வேணாங்கறேன்."

மழையில் குடையும் இல்லாமல் பானையை ஒரு கையிலும் பெட்டியை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு போனார். சில நாள் ஆபீசுக்குப் பக்கத்தில் லாட்ஜில் இருந்தார். பிறகு பேராவூரணிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று பாய் சொன்னார்.

அண்ணன் அந்த வீட்டில் தரிக்கவில்லை. எதற்காக அவர் போனார் என்று தெரிந்த நாளிலிருந்து சாப்பாடே இறங்கவில்லை அவனுக்கு. "அந்தாளு போட்ட கணக்குலதான் நான் கரைக்குப் போனேன். இப்ப அவரு வீட்டுலயே அவரைத் துரத்திட்டுப் படுத்துக்கிடக்கணுமா?" என்றான். தண்ணீர் வடிந்து கொஞ்ச நாளில் குடும்பத்தோடு திருப்பூருக்கு ரயிலேறினான். பனியன் கம்பெனியில் வேலை. நானும் அம்மாவும் இரண்டு போர்ஷன்களில் எதிரொலிக்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தோம். சர்வேயரை வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி பாய் மூலம் எத்தனையோ தடவை சொல்லி அனுப்பினேன். டீச்சர் இருக்கட்டும் என்பதுதான் பதில். அம்மா அந்த வீட்டில்தான் இறந்தாள், பேரப்பிள்ளைகளைப் பார்க்காமல்.

அவர் அளந்த அந்த இருபத்தாறு மனைத் தெரு இன்றும் இருக்கிறது. எத்தனை மழையிலும் அங்கே தண்ணீர் நின்றதில்லை. ஆம்புலன்ஸ் கடைசி வீடு வரைக்கும் போகிறது. பக்கத்து ஊர்களில் நெருக்கிப் போட்ட மனைகளில் வருடம் ஒரு கேஸ் நடக்கிறது, இங்கே சுவர்த் தகராறு என்று யாரும் ஸ்டேஷனுக்குப் போனதில்லை. அந்தத் தெருவில் நடக்கும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கும், வயிறும் எரியும்.

அவர் இறந்த செய்தியை பாய்தான் சொன்னார். அதை அண்ணனிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. திருப்பூருக்குப் போனேன். வரிசை வீடுகளில் ஒன்று, ஒரே அறை. அண்ணன் மகள் பிரசவத்துக்கு வந்திருந்ததால் ஆண்கள் எல்லாரும் வெளியே சிமெண்டுத் தரையில் பாய் போட்டிருந்தார்கள். சொன்னேன். அண்ணன் வெகுநேரம் பீடியைப் பற்ற வைக்காமல் விரலில் வைத்திருந்தான்.

"நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன் பாப்பா, அவரை" என்றான்.

"எப்ப அண்ணே? சொல்லவே இல்லையே."

"இங்க வந்த மறு வருசம். பேராவூரணிக்குத் தேடிக்கிட்டுப் போனேன். நாலு வார்த்தை கேட்டுட்டு வரணும்னுதான் போனேன். தென்னந்தோப்புக்குள்ள ஒரு சின்ன வீடு. பாத்ததும் உள்ள கூப்பிட்டு சோறு போட்டாரு. சாப்பிட்டு முடிச்சப்ப அவராத்தான் சொன்னாரு. 'அளந்தது சரிதாங்க. ஆனா மிச்சப் பேருக்கு இடம் கைக்கு வர்ற வரைக்கும் நான் ஒரு கல்லுகூட நட்டிருக்கக் கூடாது. எல்லாரும் ஒன்னா நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க. நான்தான் பிரிச்சுட்டேன்'னாரு."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தச் சொல்றது? நேரமாச்சுன்னு எழுந்திரிச்சேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்து வந்தாரு. பஸ்ஸுல நிக்க இடமில்ல. 'இதுல ஏறாதீங்க, அடுத்தது வரும், நான் கூட நிக்கறேன்'னாரு."

"நின்னியா?"

"இல்ல" என்றான் அண்ணன். "ஏறிட்டேன். படியில தொங்கிக்கிட்டேதான் வந்தேன்."